வாய் கட்டின மேடு

ரொம்பக் காலத்துக்கு முந்தி, வடக்கே, கோடையில் சூரியன் அடங்க மனசில்லாமல் நிற்கிற பக்கத்தில், கடல் நடுவே ஒரு தீவு கிடந்தது. ஆள் இல்லை, அடுப்பு இல்லை, கும்பிட ஒரு கோயில் இல்லை. பறவையும் பனியும் புல்லும்தான். அந்தத் தீவுக்கு நார்வே தேசத்து ஜனங்கள் கப்பலேறிக் குடிபோனார்கள். அப்படிப் போன ஒரு கப்பலில் யோருன் என்று ஒரு பெண் போனாள். அந்தத் தீவில் ஸ்வாலா ஆற்றுக்கரையில் இருக்கிறவர்கள் அவள் கதையை இன்றைக்கும் சொல்லுவாங்களாம். பிள்ளைகள் சாப்பிட்டுக் கை கழுவின பிறகுதான் சொல்லுவாங்களாம். சாப்பிடும்போது சொல்ல மாட்டாங்களாம்.

யோருன் புருஷன் பேர் கெடில். சாது. இரண்டும் பெண் பிள்ளைகள். மூத்தவள் அலோவ், எட்டு வயசு. இளையவள் ஊனா, மூணு வயசு. கெடிலுக்கு ஒரு அண்ணன் இருந்தான், ஒத்தார் என்று. கப்பல் ஒத்தாருடையது. அதனால் கப்பலில் அவன் சொன்னதுதான் பேச்சு.

எட்டு நாள் நல்ல காற்று. ஒன்பதாம் நாள் புயல் பிடித்தது. தண்ணீர் உள்ளே வர வர, கப்பல் ஒரு பக்கமாகச் சாய்ந்ததாம். ஒத்தார் கத்தினான்.

"பாரம் தாங்காது. மாட்டைத் தள்ளுங்கடா."

யார் மாட்டை? தம்பி மாட்டை. ஒத்தாருக்கு ஒன்பது மாடு, கெடிலுக்கு ஆறு. கெடிலுடைய மாடு ஒவ்வொன்றாகக் கடலுக்குள் போனது. ஒன்று போச்சு, இரண்டு போச்சு, ஐந்து போச்சு. ஆறாவது ஒரு செவலைக் கிடேரிக் கன்று, ஒரு வயசு. கெடில் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டான்.

"அண்ணே, இதையும் தள்ளிட்டா என் பிள்ளைங்களுக்குப் பால் ஏது?"

அவன் அப்படிக் கேட்டு வாய் மூடவில்லை, ஒரு அலை வந்தது. அலை கெடிலைக் கொண்டுபோனது. கன்று நின்றது. யோருன் பார்த்துக்கொண்டே இருந்தாள். கையில் ஊனா இருந்ததால் அவளால் எழுந்திருக்கக்கூட முடியவில்லையாம்.

கரை சேர்ந்தார்கள். அந்தத் தீவில் நிலம் யாருக்கும் சொந்தமில்லை. ஆனால் எடுத்துக்கொள்ள ஒரு முறை உண்டு. ஆண்பிள்ளை என்றால் சூரியன் கிளம்பும்போது ஒரு நெருப்பு மூட்டுவான். அதன் புகை தெரிகிற தூரம் நடந்து இன்னொன்று மூட்டுவான். இப்படிச் சூரியன் அடங்குவதற்குள் எத்தனை சுற்றி வருகிறானோ அத்தனையும் அவனுக்கு. ஒரு ஆளுக்கு ஒரே தடவை. பெண்பிள்ளை என்றால் நெருப்பு கிடையாது. இரண்டு வயசு கிடேரி ஒன்றைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு வசந்தகாலத்தில் ஒரு பகல் நடக்க வேண்டும். அவள் சுற்றி வந்தது அவளுக்கு.

ஒத்தார் நெருப்பு வைத்து ஸ்வாலா ஆற்றுக்கு இந்தக் கரை முழுவதையும் எடுத்துக்கொண்டான். அந்தக் கரைதான் நல்ல புல்தரை. அதை அவன் கேட்க முடியாது. ஆனால் வேறு யாரும் கேட்காமல் கிடந்தால் அவன் மாடு அங்கே மேயலாமே.

இலையெல்லாம் பழுக்கிற நேரம். யோருன் அவன் வாசலில் போய் நின்றாள்.

"அத்தான், எங்களுக்கு ஒரு துண்டு நிலம் விடுங்க. ஒரு குடிசை போட்டுக்கறோம்."

"ஏன், என் வீட்டுக் கஞ்சி கசக்குதா?"

"கசக்கலை. பிள்ளைங்களுக்கு நாளைக்கு ஒரு இடம் வேணும்ல."

"பிள்ளைங்களைப் பத்தி நான் யோசிச்சிட்டேன்" என்றானாம் ஒத்தார், கத்தியைத் தீட்டிக்கொண்டே. "கோடையில கப்பல் வரும். கப்பல்காரன் வீட்டு வேலைக்கு ஒரு பொண்ணு கேட்டிருக்கான். அலோவை அனுப்பறதா வாக்குக் கொடுத்திருக்கேன். இங்கே ஒரு வாய் குறையும்."

அந்த ஜனங்களிடத்தில் அப்படி ஒரு வழக்கம். நிலம் இல்லாமல் இன்னொருத்தர் சோற்றைத் தின்கிறவர்களுடைய பிள்ளை, சோறு போடுகிறவன் பிள்ளை. கப்பலேற்றினால் ஏற வேண்டும். அந்தப் பக்கம் போன பிள்ளையை விற்றார்களா, அடித்தார்களா என்று கேட்க ஆள் கிடையாது.

யோருன் அழவில்லை. "அப்போ முறைப்படி நான் நடக்கறேன் அத்தான். அந்தக் கரையில" என்றாள்.

"எதைப் பிடிச்சுக்கிட்டு நடப்பே?"

"என் புருஷன் விட்டுட்டுப் போன செவலை இருக்கு. வசந்தத்துக்கு ரெண்டு வயசு ஆயிடும்."

ஒத்தார் சிரித்தான். அங்கே இருந்தவர்களும் சிரித்தார்கள்.

ஏன் சிரித்தார்கள் என்றால், அந்த ஊர்க் குளிர்காலம் அப்படி. ஏழு மாசம் புல் கிடையாது. கொட்டிலில் அடைத்துக் கிடக்கிற மாடு எலும்பும் தோலுமாக ஆகிவிடும். வசந்தம் வந்தால் தானாக எழுந்து நிற்காது. நாலு பேர் வாலையும் கொம்பையும் பிடித்துத் தூக்கி வெளியே கொண்டுவந்து போடுவார்கள். அப்படிப்பட்ட மாடு ஒரு பகல் முழுக்க எங்கே நடக்கும்?

"நடக்கட்டும், நடக்கட்டும்" என்றானாம் ஒத்தார். "முதல்ல அது எழுந்து நிக்குதான்னு பாரு."

ஊரில் கெல்லிர் என்று ஒரு பெரியவர். சட்டம் ஏட்டில் இல்லை, அவர் வாயில்தான் இருந்தது. அவரிடம் போய் யோருன் முறையைக் கேட்டுக்கொண்டாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்.

"சூரியன் வரும்போது கிளம்பணும். அடங்கறதுக்குள்ள கிளம்பின இடத்துக்கு வரணும். கயிறு உன் கையில இருக்கணும். அடிக்கக் கூடாது. தூக்கக் கூடாது. இன்னொருத்தர் கை படக் கூடாது. கிடேரி தன் நாலு காலால வரணும். விழுந்து எழுந்திருக்கலைன்னா உனக்கு ஒண்ணும் கிடையாது. மறுபடி கேட்கவும் முடியாது."

அவ்வளவுதான் முறை. யோருன் அதைத் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டே வீட்டுக்கு வந்தாள்.

வீடென்றால் என்ன, ஒரு பழைய ஆட்டுக்கொட்டில். அதில் அவள், இரண்டு பிள்ளைகள், செவலை. ஒத்தார் வீட்டிலிருந்து நாளுக்கு ஒரு கை பார்லியும் பாதிக் கருவாடும் ஒரு சட்டி மோரும் வரும். மூணு பேருக்கும் அதுதான். செவலைக்கு ஒரு பிடி காய்ந்த புல் கிடையாது. யோருன் கடலோரம் போய்ப் பாசி பொறுக்கினாள், மீன் தலை பொறுக்கினாள், குச்சி ஒடித்து வந்தாள். அது போதவில்லை. தன் பங்குக் கஞ்சியை அதற்கு வைத்தாள். அதுவும் போதவில்லை. அப்புறம் அலோவ் சட்டியிலிருந்து ஒரு கரண்டி. அப்புறம் ஊனா சட்டியிலிருந்து ஒரு கரண்டி.

செவலை நல்ல மாடு. அவள் கை வாய்ப்பக்கம் வந்தாலே தின்னக் கொடுக்கத்தான் என்று முகத்தை நீட்டும். ஊனா அதன் வயிற்றில் ஒட்டிக்கொண்டுதான் தூங்குவாள். அதுதான் அந்த வீட்டில் சூடு.

ஒருநாள் அலோவ் கேட்டாளாம்.

"அம்மா, நான் கன்னுக்குட்டியாப் பொறந்திருந்தா எனக்கும் கொடுத்திருப்பேல்ல?"

"உனக்காகத்தாண்டி அதுக்குக் கொடுக்கறேன்."

"ஊனாவுக்காகவுமா?"

யோருன் மாட்டுக்குச் சட்டியை வைத்தாள்.

ஊனா பசியில் அழுவாள். "விடிஞ்சதும் தர்றேன் கண்ணு" என்பாள் யோருன். குளிர்காலத்தில் அந்த ஊரில் விடிகிறதே உச்சிப் பொழுதுக்குத்தான். விடிந்தது தெரிவதற்குள் இருட்டிவிடும். "விடிஞ்சதும் தர்றேன், விடிஞ்சதும் தர்றேன்." பிள்ளை நம்பிக்கொண்டே இருந்தது.

நடுக் குளிர்காலத்தில் ஊனாவுக்குக் கால் வீங்கிவிட்டது. அழுகையும் நின்றுவிட்டது. செய்தி கேட்டு ஓரகத்தி வல்தீஸ் வந்தாள். ஒத்தாரின் பெண்டாட்டி. கெட்டவள் இல்லை. போர்வைக்குள் ஒரு துண்டு வெண்ணெயை ஒளித்துக்கொண்டு வந்து பிள்ளை வாயில் தடவினாள்.

"யோருன், அவர் சொல்லச் சொன்னார். மாட்டை அறுத்துடு. பாதிக் கறி உனக்கு, பாதி எங்களுக்கு. ரத்தத்துல கஞ்சி காய்ச்சிக் கொடுத்தா பிள்ளை பிழைச்சுக்கும்."

"பாதிக் கறி எத்தனை நாளைக்கு அக்கா?"

"ஒரு மாசம் வச்சுச் சாப்பிடலாம்."

"அப்புறம்?"

"அப்புறம் ஊனா உயிரோட இருப்பா."

"அலோவ் கப்பல் ஏறுவா."

"ஏறட்டுமே" என்றாளாம் வல்தீஸ். "கப்பல்ல போற பிள்ளை எல்லாம் செத்தா போகுது? இது உன் கண்ணு முன்னால போயிட்டிருக்கு. மாட்டைப் பாரு, பளபளன்னு இருக்கு. பிள்ளையைப் பாரு."

யோருன் மாட்டைப் பார்த்தாள். பிள்ளையைப் பார்த்தாள்.

"இன்னும் பத்து நாள் பார்க்கறேன் அக்கா" என்றாள்.

ஊனாவுக்குப் பத்து நாள் இல்லை. நாலாம் நாள் போய்விட்டாள். செவலை வயிற்றில் ஒட்டிக்கொண்டபடியே போனாள். அன்றைக்குக் காலையிலும் அவள் சட்டியிலிருந்து ஒரு கரண்டி மாட்டுக்குப் போயிருந்தது.

பெற்றவர்கள் யாரும் அவளை உடனே ஏசிவிட வேண்டாம். அப்படி ஒரு தராசைக் கடவுள் நம் கையில் கொடுக்கவில்லை. அதற்கு அவரைக் கும்பிட்டுக்கொள்ளலாம்.

மண் கல்லாக உறைந்து கிடந்தது. தோண்ட முடியவில்லை. பிள்ளையைக் கொட்டில் சுவர் ஓரம் வைத்துக் கல் அடுக்கி மூடினார்கள். ஒத்தார் வந்து நின்றான். எல்லாருக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னான்.

"ரெண்டு பிள்ளையில ஒண்ணை மாட்டுக்குப் போட்டாச்சு. மிச்சம் இருக்கறதையும் போட்டுடாதேம்மா. கப்பல்காரனுக்கு நான் வாக்குக் கொடுத்திருக்கேன்."

எல்லாரும் குனிந்து கல்லைப் பார்த்தார்கள். அவன் சொன்னது பொய் இல்லையே, அதுதான் காரணம்.

வசந்தம் வந்தது. ஊர் மாடுகளைத் தூக்கித் தூக்கி வெளியே போட்டார்கள். ஒத்தாரின் ஒன்பது மாட்டில் நாலு எழுந்திருக்கவே இல்லை. யோருன் கொட்டில் கதவைத் திறந்தாள். செவலை தானாக நடந்து வெளியே வந்து, உடம்பை ஒரு உதறு உதறி, கத்தியது. ஊரே திரும்பிப் பார்த்ததாம். ஒத்தாரும் பார்த்தான்.

மறுநாள் அவனே கொட்டிலுக்கு வந்தான். கெல்லிர் பெரியவரையும் கூட்டிக்கொண்டு வந்தான். ரொம்பப் பதமாகப் பேசினான்.

"தம்பி பொண்டாட்டி, நடந்தது நடந்துபோச்சு. நீ நாளைக்கே நடக்கப்போறதாச் சொன்னாங்க. அவசரப்படாதே. இப்போ பகல் குட்டை. தரையிலும் பனி. இன்னும் ஒரு மாசம் பொறுத்தீன்னா பகல் எவ்வளவு நீளும், யோசிச்சுப் பாரு. இப்போ நடக்கறதுல ஒண்ணரைப் பங்கு நடக்கலாம். உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

யோருன் யோசித்தாள். அவன் சொன்னதில் தப்பு தெரியவில்லை. அந்த ஊரில் வசந்தத்தில் பகல் நாளுக்கு நாள் கண்ணுக்குத் தெரிய நீளும். அவள் மனசில் ஒரு கணக்கு ஓடியது. ஒரு பிள்ளையைக் கொடுத்து வாங்குகிற நிலம் சின்னதாகவா இருக்க வேண்டும்?

"சரி அத்தான். பொறுக்கறேன்" என்றாள்.

கெல்லிருக்குத் தெரியும். பழைய தேசத்தில் பெண்கள் ஏன் தரையில் பனி இருக்கும்போதே நடப்பார்கள் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அவர் வாயில் அப்போது ஒத்தார் வீட்டு ரொட்டி இருந்தது. மென்றுகொண்டே இருந்துவிட்டார்.

ஒரு மாசம் போனது. பனி உருகியது. பகல் நீண்டது. கூடவே வேறு ஒன்றும் வந்தது.

அன்றைக்கு விடிகாலை. ஆற்றைக் கடந்து அந்தக் கரையில் ஒரு கல் நட்டார்கள். அதுதான் கிளம்புகிற இடம், வந்து சேருகிற இடம். ஊர் ஜனம் இந்தக் கரையில் உட்கார்ந்தது. ஒத்தார் அலோவைப் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொண்டான். யாரும் மாட்டைத் தொடக் கூடாதே, அதற்காகவாம். கெல்லிர் சாட்சிக்குப் பின்னாலேயே நடந்து வர வேண்டும். சூரியன் எட்டிப் பார்த்தது. யோருன் கயிற்றைப் பிடித்து ஒரு அடி வைத்தாள்.

செவலை ஒரு அடி வைத்தது. தலையைக் குனிந்தது.

புல். பச்சைப் புல். இந்தக் கரைப் புல் ஒத்தாருடையது என்பதால், பாசியும் மீன் தலையும் தின்று ஏழு மாசம் கொட்டிலிலேயே கிடந்த மாடு, விடுமா? யோருன் கயிற்றை இழுத்தாள். செவலை வாய் நிறையப் புல்லோடு ஒரு அடி வந்தது. மறுபடி குனிந்தது. இழுத்தாள், வந்தது, குனிந்தது. இழுத்தாள், வந்தது, குனிந்தது. அடிக்கக் கூடாது. யோருன் கெஞ்சினாள், கொஞ்சினாள், கழுத்தைத் தள்ளினாள். அது பாட்டுக்கு மேய்ந்தது. அப்போதுதான் அவளுக்கு விளங்கியது, ஒத்தார் எதற்காக ஒரு மாசம் பொறுக்கச் சொன்னான் என்று.

சூரியன் தலைக்கு மேல் வந்தது. நட்ட கல் பின்னால் இன்னும் தெரிகிறது. ஜனம் உட்கார்ந்திருந்த அக்கரையிலிருந்து ஒத்தார் கையைக் குவித்துக் கூப்பிட்டான்.

"யோருன், அங்கேயே வீடு கட்டிக்கோ. மாடு படுத்தா எவ்வளவு இடமோ அவ்வளவும் உனக்குத்தான்."

ஒரு ஆள் சொன்னான், "வாலையும் சேர்த்து அளந்துக்கோம்மா."

சிரிப்பு ஆற்றைத் தாண்டி வந்தது. அலோவ் சிரிக்கவில்லை. ஒத்தார் அவள் தோளில் கை போட்டிருந்தான்.

யோருன் நின்றாள். திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்.

"பெரியவரே, கிடேரியோட வாயைக் கட்டக் கூடாதுன்னு சட்டத்துல இருக்கா?"

கெல்லிர் கண்ணை மூடிக்கொண்டு முறையை முதலிலிருந்து ஒரு தடவை சொல்லிப் பார்த்தார்.

"இல்லை."

"அப்போ கட்டறேன்."

"அம்மா யோருன், நான் சொல்றதைக் கொஞ்சம்..."

"இருக்கா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க."

"இல்லை" என்றார் கெல்லிர்.

அவள் தலைத்துணியை அவிழ்த்தாள். செவலை மேய்வதை விட்டு முகத்தை நீட்டியது. அவள் கை வந்தால் தின்னக் கொடுக்கத்தானே. நீட்டின முகத்தைப் பிடித்து, மூக்கை மட்டும் விட்டு, வாயை நாலு சுற்றுச் சுற்றி இறுக்கி முடிச்சுப் போட்டாள். செவலை தலையை ஆட்டியது. கத்தப் பார்த்தது. முடியவில்லை. அவளையே பார்த்தது.

"அந்தத் திருப்பத்துல அவிழ்த்து விடறேன் கண்ணு" என்றாள் யோருன்.

அது நடந்தது.

திருப்பம் வந்தது. அவிழ்க்கவில்லை. "அடுத்த திருப்பத்துல அவிழ்த்து விடறேன்." அடுத்த திருப்பம் வந்தது. அவிழ்க்கவில்லை. விட்ட நேரத்தையும் பிடிக்க வேண்டுமே, அதனால் மாட்டை ஓட்டமும் நடையுமாக இழுத்தாள். கண் முன்னால் புல். மூக்கில் புல் வாசம். வாய் கட்டு. துணி நனைந்து நுரை வழிந்தது.

ஒரு ஓடை குறுக்கே வந்தது. செவலை ஓடைக்குள் இறங்கி முகத்தைத் தண்ணீரில் வைத்தது. வைத்தபடியே நின்றது. குடிக்க முடியவில்லை. எடுத்துவிட்டு மறுபடி வைத்தது.

"தண்ணி மட்டும் குடிக்க விடும்மா" என்றார் கெல்லிர்.

"அவிழ்த்தா மறுபடி கட்ட விடாது."

"இதுவரைக்கும் வந்ததே நல்ல நிலம். குறுக்கே வெட்டிக் கல்லுக்குத் திரும்பிடு. ரெண்டு குடும்பம் பிழைக்கலாம். போதும்."

யோருன் மலையடிவாரத்தைப் பார்த்தாள். அதைத் தாண்டி இன்னொரு புல்தரை இருந்தது, ஆற்றின் வளைவு வரைக்கும்.

"போதாது" என்றாள். மாட்டை மலைப்பக்கம் திருப்பினாள்.

அந்தச் சுற்றை இன்றைக்குத் தெம்பான ஆள் நடந்தாலே மூச்சு வாங்கும் என்கிறார்கள். செவலை நடந்தது. "அந்தத் திருப்பத்துல அவிழ்த்து விடறேன்." நடந்தது. "அந்தப் பாறைக்கிட்ட அவிழ்த்து விடறேன்." நடந்தது. எத்தனை தடவை சொன்னாலும் அது நம்பியது. யோருனுக்கு இந்தப் பேச்சை முன்னால் ஒருத்தியிடம் பேசின நினைப்பு வந்தது. யாரிடம் என்று தெரிந்ததும் காலை எட்டி வைத்தாள். நின்றிருந்தால் அவளும் விழுந்திருப்பாள்.

சூரியன் மலை முதுகில் உட்கார்ந்த நேரம், நட்ட கல் கண்ணுக்குத் தெரிந்தது. நூறு அடி இருக்கும். அங்கே ஒரு சின்ன மேடு. அந்த மேட்டில் செவலை முன்னங்காலை மடக்கிப் படுத்துவிட்டது.

அக்கரையில் ஜனம் எழுந்து நின்றது. ஒத்தாரும் எழுந்தான்.

"பெரியவரே, விழுந்துடுச்சு. பார்த்துக்கோங்க."

அடிக்கக் கூடாது. தூக்கக் கூடாது. யோருன் மாட்டின் முன்னால் மண்டி போட்டாள். அதன் விலா ஏறி இறங்குவதைப் பார்த்தாள். அப்புறம், அந்த மேட்டிலிருந்து புல்லை ஒரு கை பிடுங்கினாள். நல்ல இளசு. அதைச் செவலையின் மூக்குக்கு நேராகப் பிடித்தாள். கட்டை அவிழ்க்கவில்லை. புல்லைப் பிடித்தபடி எழுந்து, பின்பக்கமாக ஒரு அடி நடந்தாள்.

"வா கண்ணு. தர்றேன் வா."

செவலை எழுந்தது. எப்படி எழுந்தது என்று கெல்லிருக்குக் கடைசிவரைக்கும் சொல்லத் தெரியவில்லை. எழுந்து அந்தப் புல்லுக்குப் பின்னால் நடந்தது. ஒரு அடி, புல் ஒரு அடி தள்ளிப்போகும். இன்னொரு அடி, புல் இன்னொரு அடி தள்ளிப்போகும். "தர்றேன் வா. தர்றேன் வா." அக்கரையில் வல்தீஸ் முகத்தை மூடிக்கொண்டாள். நூறு அடியும் அப்படியே நடந்தது. யோருன் முதுகு கல்லில் இடித்த பிறகு ஒரு மூச்சு விடுகிற நேரம் கழித்துத்தான் சூரியன் இறங்கியதாம்.

கல்லைத் தொட்டதும் யோருன் கட்டை அவிழ்க்கப் பார்த்தாள். முடிச்சு நுரையில் ஊறி இறுகிப்போயிருந்தது. அவிழவில்லை. அலோவ் ஒத்தார் கையை உதறிவிட்டு, இடுப்பளவுத் தண்ணீரில் ஆற்றைக் கடந்து ஓடி வந்தாள். பல்லால் கடித்து முடிச்சை அறுத்தாள். யோருன் தன் கையில் இருந்த புல்லைச் செவலையின் வாய்க்குள் வைத்தாள். செவலை மெல்லவில்லை. திரும்பி, வந்த வழியே தள்ளாடித் தள்ளாடி அந்த மேடு வரைக்கும் போனது. போய்ப் படுத்தது. புல் பல்லுக்கு நடுவில் அப்படியே இருக்க, உயிர் போய்விட்டது.

கெல்லிர் சட்டப்படி சொல்ல வேண்டியதைச் சொன்னார். "சுற்றி வந்தது யோருனுக்கும் அவள் பிள்ளைக்கும் சொந்தம். யாரும் கேட்கக் கூடாது." சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

ஒத்தாரின் ஆட்கள் கத்தியோடு வந்தார்கள். நல்ல கறி, வீணாகப் போகக் கூடாது என்றார்கள். அலோவ் மாட்டின் மேல் குப்புறப் படுத்துக்கொண்டாள். அவளை அசைக்க முடியவில்லையாம். அந்த மேட்டிலேயே செவலையைப் புதைத்தார்கள். மண் இளகிவிட்டதே, ஊனாவையும் கல்லுக்கடியிலிருந்து எடுத்து வந்து அதன் வயிற்றுப் பக்கமாக வைத்தார்கள்.

கோடையில் கப்பல் வந்தது. அலோவ் ஏறவில்லை. ஒத்தார் வாக்குத் தவறாதவன். தன் வீட்டு அடிமைப் பெண் ஒருத்தியின் மகளை ஏற்றி அனுப்பினான். அந்தப் பிள்ளையின் பேரை யாரும் நினைவு வைக்கவில்லை. அதுவும் ஒருத்தி பெற்றதுதானே. இந்தக் கதையைச் சொல்லும்போது அவளுக்கும் சேர்த்து ஒரு வார்த்தை ஜபித்துக்கொள்வது நல்லது.

அடுத்த வருஷம். யோருனுக்கு வேறு ஒரு பசு வந்திருந்தது. குளிர்காலம் முழுக்க அடைத்துக் கிடந்த பசுவை வசந்தத்தில் முதல்முதலாக வெளியே ஓட்டி வந்தாள். அந்த மேட்டுக்கு வந்ததும் பசு தலையைக் குனிந்தது. வேலை கிடந்தது, யோருன் கயிற்றை இழுத்தாள்.

பின்னால் வந்த அலோவ் அம்மா கையிலிருந்த கயிற்றைப் பிடுங்கிக் கீழே போட்டாள்.

"அதுவா தலை தூக்கட்டும்" என்றாள்.

ஒரு வருஷமாக அம்மாவிடம் அவள் அதிகம் பேசினதே கிடையாதாம். யோருன் மகளைப் பார்த்தாள். கயிற்றை எடுக்கவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். பசு மேய்ந்தது. மத்தியானம் ஆயிற்று. மழை வந்தது, நனைந்தாள். பசு தானாகத் தலை தூக்கிப் பார்க்கிற வரைக்கும் இரண்டு பேரும் அந்த இடத்தை விட்டு நகரவில்லை.

அந்த மேட்டுக்கு வாய் கட்டின மேடு என்று பேர். ஸ்வாலா ஆற்றங்கரையில் இன்றைக்கும் வசந்தத்தில் மாட்டை முதல்நாள் வெளியே விடும்போது, அந்த மேட்டுக்கு ஓட்டிப்போய்க் கயிற்றைக் கீழே போட்டுவிடுவார்கள். வீட்டுக்குப் பெரியவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். கூப்பிடக் கூடாது. "வா" என்று சொல்லக் கூடாது. முக்கியமாக, "தர்றேன்" என்று சொல்லவே கூடாது. மாடு வயிறு நிறைந்து அதுவாகத் தலை தூக்கும்வரை, மழையானாலும் காற்றானாலும், அவள் அங்கேயே நிற்பாள்.